பைக்கில் பாட்டும் ரேடியோவும்: ஹெல்மெட்டுக்குள் தெளிவாகக் கேட்க முழுமையான வழிகாட்டி

பைக் ஓட்டிக்கொண்டே பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது நல்ல சத்தமான ஸ்பீக்கரைத்தான். வாங்கி மாட்டுகிறார்கள். தெருவுக்குள் அருமையாகக் கேட்கிறது. நெடுஞ்சாலையில் ஏறி வேகம் 80ஐத் தொட்டதும் பாடகரின் குரல் கரைந்துபோய், தாளம் மட்டும் மங்கலாகக் காதில் விழுகிறது. வால்யூமை முழுக்க ஏற்றினாலும் போதவில்லை. அடுத்து, இதைவிடப் பெரிய ஸ்பீக்கர் எது என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

அந்தத் தேடலை அங்கேயே நிறுத்தச் சொல்வேன். பாட்டை விழுங்குவது காற்று. அதை அடக்காமல் எவ்வளவு விலை கொடுத்து எதை வாங்கினாலும், ஓர் இரைச்சலுக்கு மேல் இன்னோர் இரைச்சலைத்தான் காதுக்குள் கொட்டுகிறோம். அதனால் இங்கே காற்றைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். அப்புறம் கருவி, அதைப் பொருத்தும் விதம், போன், ரேடியோ. வால்யூம் அதற்கெல்லாம் பிறகு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓட்டப் பழகிக்கொண்டிருப்பவர்களுக்கு இது இப்போதைக்கு வேண்டாம். கிளட்ச், கியர், பிரேக் எல்லாவற்றையும் யோசிக்காமலே கை கால் பார்த்துக்கொள்ளும் நிலை வந்த பிறகு பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்: சட்டம்

இது நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காதில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் சட்டம் பார்க்கிறது. பிரான்சில் 2015 ஜூலை முதல், காதுக்குள் செருகும் இயர்போனோ காதை மூடும் ஹெட்போனோ போட்டுக்கொண்டு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது; சைக்கிளுக்கும் இதே விதிதான். ஹெல்மெட்டுக்குள் பொருத்திய ஸ்பீக்கருக்கு விலக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் இரண்டு காதிலும் இயர்போன் கூடாது. ஆனால் இரைச்சலைக் குறைக்கவென்றே செய்த காதடைப்பான்களை, ஹாரனும் சைரனும் கேட்கும்படி இருந்தால், போட்டுக்கொள்ளலாம். நீங்கள் ஓட்டும் இடத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். எல்லை தாண்டிப் போகும் பயணமென்றால் அடுத்த ஊரின் விதியையும் சேர்த்து.

முதல் படி: காற்றை அடக்குங்கள்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் முழுமுக ஹெல்மெட்டுக்குள்ளேயே இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். இதில் எஞ்சின் சத்தத்தின் பங்கு கொஞ்சம்தான். ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்றுதான் பெரும்பகுதி. அமைதியான வண்டி வைத்திருப்பவர்களும் ஏறக்குறைய இதே இரைச்சலில்தான் போகிறார்கள்.

நியோஷ் என்ற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் தொழிலாளர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 94 டெசிபலில் 1 மணி நேரம், 97ல் அரை மணி நேரம், 100ல் கால் மணி நேரம். பாட்டே போடாமல், வெறும் காற்றிலேயே இந்தக் கணக்கு தீர்ந்துபோகிறது. இதற்கு மேல் பாட்டும் கேட்க வேண்டுமென்றால் அது காற்றை மிஞ்சி ஒலிக்க வேண்டும். காது எவ்வளவு வாங்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்குச் சிறந்த மருந்து, மிக மலிவான பொருள்: காதடைப்பான். இயர்பிளக் என்று கேட்டால் மருந்துக் கடையிலேயே கிடைக்கும் மென்பஞ்சு உருளை. “காதை அடைத்துக்கொண்டால் பாட்டு எப்படிக் கேட்கும்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாகவே கேட்கும். அடைப்பான் காற்றையும் பாட்டையும் சேர்த்தே குறைக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் மிகுந்த சத்தத்தில் காது திணறிப்போய், ஒலிகளைப் பிரித்தறியும் திறனை இழக்கிறது. மொத்த அளவு இறங்கியதும் அந்தத் திறன் திரும்பி வருகிறது. வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டதும் சாலை தெளிவாகத் தெரிவது போலத்தான் இது. ஹாரனும் இப்படித்தான்: நெடுஞ்சாலை வேகத்தில், அடைத்த காதுக்கு அது கேட்காமல் போய்விடுவதில்லை.

ஆனால் சரியாகச் செருக வேண்டும். பாதிப் பேர் துளையின் வாசலில் ஒட்டிவைத்துவிட்டு, பயனில்லை என்கிறார்கள். கையைக் கழுவுங்கள். பஞ்சை விரல்களுக்கு இடையில் உருட்டி, சுருக்கமில்லாத மெல்லிய குச்சியாக ஆக்குங்கள். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், காதுமடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலே, சற்றுப் பின்னால் இழுங்கள். வளைந்திருக்கும் காதுத் துளை அப்போது நேராகும். பஞ்சை உள்ளே விட்டு, அது விரியும்வரை 20, 30 விநாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். சரியாக உட்கார்ந்துவிட்டால் உங்கள் குரல் உங்களுக்கே கனத்துக் கேட்கும். இன்னொரு சோதனையும் உண்டு: ஏதாவது தொடர்ந்து ஒலிக்கும் இடத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுக மூடிப் பாருங்கள். மூடும்போதும் எடுக்கும்போதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையென்றால் அடைப்பு நன்றாக இருக்கிறது. எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள்.

பஞ்சு அடைப்பான் உயர் ஒலிகளைக் கூடுதலாகத் தின்னும். பாட்டு கொஞ்சம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இது பிடிக்காதவர்களுக்கு வடிகட்டி வைத்த, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வகை இருக்கிறது. எல்லா ஒலியையும் ஓரளவு சமமாகக் குறைப்பதால் பேச்சும் பாட்டும் இயல்பாக இருக்கும். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது, காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது. பெரும்பாலும் ஹெல்மெட்டின் அடிப்பகுதியில், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவேதான். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி கட்டினாலே வித்தியாசம் உடனே தெரியும். வைசர் என்ற முன்பக்க முகக் கண்ணாடி முழுக்க மூடியிருக்கிறதா, அதன் ரப்பர் பட்டை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்த ஹெல்மெட் கூடுதலாக இரையும். அது பாதுகாப்புக்கும் ஆகாது, ஆகவே பாட்டுக்காக இல்லாவிட்டாலும் மாற்றவேண்டியதுதான்.

முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி இருக்கும் வண்டிகளில் ஒரு விசித்திரம் உண்டு. கண்ணாடியின் விளிம்பில் உடையும் காற்று சுழன்று வந்து நேராக ஹெல்மெட்டில் மோதினால், கண்ணாடியே இல்லாத வண்டியைவிட இரைச்சல் கூடிவிடும். காலியான நேரான சாலையில், சீரான வேகத்தில், இருக்கையிலிருந்து சற்றே எழும்பிப் பாருங்கள். பிறகு சற்றே குனிந்து பாருங்கள். எழும்பும்போது சத்தம் சட்டென்று குறைந்தால், சுழல் உங்கள் தலை உயரத்தில் வந்து மோதுகிறது என்று அர்த்தம். அப்போது கண்ணாடியைத் தாழ்த்தலாம், அல்லது தலைக்கு மேலே காற்று போகும்படி உயரமானதாக மாற்றலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் தொல்லை.

இரண்டாம் படி: எதில் கேட்பது

என் தேர்வு ஹெல்மெட்டுக்குள் வைக்கும் புளூடூத் ஸ்பீக்கர். காதைத் துளைக்காமல் அருகில் நின்று ஒலிக்கிறது, காதடைப்பானோடு ஒத்துப்போகிறது, பட்டன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பாட்டு, வழிகாட்டும் குரல், அழைப்பு, உடன் வருபவரோடு பேச்சு எல்லாம் ஒரே கருவியில் முடியும். கார்டோ, சேனா போன்ற நிறுவனங்களின் இன்டர்காம் கருவிகள் இந்த வகை. இவற்றில் எஃப்எம் ரேடியோவும் கூடவே வரும் மாடல்கள் பல. பேச ஆள் இல்லை, பாட்டு மட்டும் போதும் என்றால் இன்டர்காம் இல்லாத எளிய கருவி எவ்வளவோ மலிவு, அதுவே போதும்.

காதுக்குள் செருகும் இயர்போன் ஒலித் தெளிவில் எதற்கும் குறைந்ததல்ல. காற்றையும் ஓரளவு தடுக்கிறது. ஆனால் ஹெல்மெட் போடும்போது நகர்ந்துவிடும், நகர்ந்ததைச் சரிசெய்ய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும், கொஞ்ச நேரத்தில் காதுமடல் வலிக்க ஆரம்பிக்கும். சட்டச் சிக்கலும் இதில்தான் அதிகம். எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகை, பொட்டில் அழுந்துவதால் ஹெல்மெட்டுக்குள் சரியாக உட்காராது. காதைத் திறந்தே விடுவதால் காற்றுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. மெதுவாக, ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டுமானால் சரி.

வண்டியிலேயே ஸ்பீக்கர் பொருத்துவது பெரிய பயண வண்டிகளுக்கு உரியது. ஹோண்டா கோல்டு விங், ஹார்லி டேவிட்சனின் பயண வண்டிகள் போன்றவற்றில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால், வேகத்துக்கேற்ப ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டோடு இது வருகிறது. கண்ணாடியில்லாத வண்டியின் ஹேண்டில்பாரில் சின்ன ஸ்பீக்கரைக் கட்டினால், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் இறங்குகிறது. உங்களுக்குக் கேட்க வேண்டுமென்பதற்காக வழியிலுள்ள எல்லோருக்கும் கேட்க வைக்க நேரிடும். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூன்றாம் படி: ஸ்பீக்கரைச் சரியான இடத்தில் வையுங்கள்

பணம் செலவாகாமல் ஒலி அதிகம் மேம்படுவது இந்த இடத்தில்தான். இவை பெரும்பாலும் 40 மி.மீ. விட்டமுள்ள தட்டையான ஸ்பீக்கர்கள். காதுத் துளைக்கு நேரே, காதைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் நன்றாகப் பாடும். ஒரு விரற்கடை தள்ளிப்போனால் போதும், பேஸ் என்ற கனமான தாழ் ஒலி காணாமல் போய், மிச்சம் இருப்பது கிரீச்சென்று ஒலிக்கும்.

ஹெல்மெட்டின் கன்னத்துப் பஞ்சைக் கழற்றுங்கள். உள்ளே தெர்மாகோல் போன்ற வெள்ளை உட்கூட்டில், காது இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். ஸ்பீக்கர் அதில்தான் உட்கார வேண்டும். பள்ளம் இல்லாத ஹெல்மெட்டாக இருந்தால், தயவுசெய்து கத்தியால் தோண்டாதீர்கள். அடிபடும்போது நசுங்கி உங்கள் மண்டையைக் காப்பது அந்த வெள்ளைக் கூடுதான். அதில் எடுத்த ஒவ்வொரு துண்டும் பாதுகாப்பிலிருந்து எடுத்தது.

பள்ளத்தின் நடுவில் வைத்தால் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஒவ்வொருவர் காதும் ஒவ்வோர் இடத்தில். கருவியோடு வரும் ஒட்டும் பட்டையால் தற்காலிகமாக ஒட்டி, ஹெல்மெட்டை மாட்டி, பழக்கமான ஒரு பாட்டைப் போடுங்கள். இப்போது இரு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும், மேலும் கீழும் அசையுங்கள். பின்னால் இழுக்கும்போது ஒலி நிறைவாகிறது என்றால் ஸ்பீக்கரைப் பின்னால் நகர்த்த வேண்டும். தூக்கும்போது நிறைவாகிறது என்றால் மேலே. பெரும்பாலானவர்களுக்கு அது அவர்கள் நினைத்த இடத்தைவிடச் சற்றுப் பின்னால்தான் அமைகிறது. அடுத்து, காதுகள் இருக்கும் இடத்தில் ஹெல்மெட்டை இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் திடீரென்று கூடினால் ஸ்பீக்கர் தூரத்தில் இருக்கிறது; அதன் முதுகில் பஞ்சு வட்டு வைத்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு காதையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சரியாக அமைந்ததும் ஹெல்மெட்டை அரை மணி நேரம் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருங்கள். காதுமடலில் எங்காவது வலித்தால் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாத வலி, நீண்ட பயணத்தில் தாங்க முடியாததாகிவிடும்.

வயரைக் கன்னத்துப் பஞ்சுக்குப் பின்னால் ஒளித்து, கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று: பல ஹெல்மெட்டுகளில், விபத்து நேர்ந்தால் மீட்பவர்கள் கன்னப் பஞ்சை மட்டும் உருவி எடுக்கச் சிவப்பு நாடா வைத்திருப்பார்கள். அந்த நாடாவின் மேலோ பஞ்சின் குறுக்கேயோ வயரை ஒட்டினால், கழுத்தில் அடிபட்டிருக்கும் நேரத்தில் பஞ்சு உருவ வராது.

கருவியின் உடல் பகுதி இடது பக்கம் வருவதுதான் வசதி. வலது கை ஆக்சிலரேட்டரில் இருக்கும். கவ்வியில் மாட்டுவதென்றால் ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே செருகுங்கள். ஒட்டுவதென்றால் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டிய பிறகு ஒரு நாள் விட்டுவிடுங்கள். கடைசியாக, வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, கையுறையோடு, கண்ணைச் சாலையில் வைத்தபடி நிறுத்து, தொடங்கு, கூட்டு, குறை என்ற நான்கையும் விரல் தானாகக் கண்டுபிடிக்கும்வரை பழகுங்கள்.

நான்காம் படி: போன்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. அடுத்த பாட்டைத் தேட இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அதனால் போனில் செய்யவேண்டியது எல்லாம் கிளம்பும் முன்பே முடிய வேண்டும். பயணம் முழுக்கப் போதுமான வரிசையை உருவாக்கி, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத மலைப்பாதையில் அதுதான் கைகொடுக்கும். செயலியின் அமைப்புகளில் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலி அளவில் ஒலிக்கவிடும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். பழைய பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது அடுத்த புதுப் பாட்டு காதில் அறையும் தொல்லை இதனால் தீரும். செய்தி, அறிவிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். வழிகாட்டும் குரல் மட்டும் வந்தால் போதும்.

போனை எங்கே வைப்பது? புளூடூத் அலை நீர் நிறைந்த பொருளைத் தாண்டச் சிரமப்படும். மனித உடல் அப்படிப்பட்டது. ஹெல்மெட்டின் இடது பக்கம் கருவி, வலது பின்பாக்கெட்டில் போன் என்றால் நடுவில் நீங்களே சுவராக நிற்கிறீர்கள். பாட்டு விட்டு விட்டு வந்தால் முதலில் போனை இடப்பக்க முன்பாக்கெட்டுக்கோ, பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் பைக்குள்ளோ மாற்றிப் பாருங்கள். ஹேண்டில்பாரில் மாட்டுவதில் வேறு சிக்கல் இருக்கிறது. பைக் எஞ்சினின் பலமான அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் குறைக்கும் அமைப்பைக் காலப்போக்கில் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது. பாட்டுக்காக மட்டும் போனைக் கண்முன் மாட்டத் தேவையில்லை. வரைபடம் வேண்டும் என்றால் அதிர்வை உறிஞ்சும் பிடிப்பானைப் போடுங்கள்.

பாட்டு திடீரென்று பழைய டெலிபோனில் கேட்பது போல ஆகிவிட்டதா? கருவி பழுதாகவில்லை. புளூடூத்தில் இசைக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. அழைப்போ குரல் உதவியாளரோ மைக்கைத் திறந்தால் பேச்சு வழிக்கு மாறும். அதில் தரம் குறைவு, இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோவும் இல்லை. அந்தச் செயலியை மூடினால் சரியாகிவிடும். உயர்தர ஒலி வடிவங்களுக்கு இங்கே காசு செலவழிக்காதீர்கள். காற்றுக்கு நடுவில் அந்த நுணுக்கம் காதில் விழாது.

ஐந்தாம் படி: ரேடியோ

தனியாக நீண்ட தூரம் ஓட்டும்போது, இறக்கி வைத்த பாட்டைவிட ரேடியோவே எனக்குப் பிடிக்கும். அடுத்து என்ன வரும் என்று தெரியாது, தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், பட்டனைத் தொடும் தேவையே குறைந்துவிடுகிறது. கடந்துபோகும் ஊரின் பேச்சும் கூடவே வருகிறது. ஆனால் வானலையில் வரும் எஃப்எம்முக்கு நல்ல ஆன்டெனா வேண்டும், ஹெல்மெட்டிலோ இடம் இல்லை.

எஃப்எம் பெரும்பாலான நாடுகளில் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். அலைநீளத்தில் கால் பங்கு உள்ள ஆன்டெனா என்றால் 75 செ.மீ. நீளம் வேண்டும். ஹெல்மெட் கருவிக்குள் அதற்கு வழியில்லாததால், சுருக்கமான ஆன்டெனாவோ ஸ்பீக்கர் வயரோதான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் மிஞ்சிய வயரை இறுக்கிச் சுருட்டி ஒரே மூலையில் திணிக்காமல், ஹெல்மெட்டின் பின்புறமாக நீட்டிப் படரவிடுங்கள்.

நகரத்தில் நிலையம் படபடவென்று அடித்துக்கொண்டு வருவதைக் கேட்டிருப்பீர்கள். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அப்படி அலை அற்றுப்போகும் இடங்கள் ஏறக்குறைய அரை அலைநீளத்துக்கு, அதாவது ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக அமையலாம். ஓடும்போது அவற்றைத் தட்டித் தட்டிக் கடக்கிறீர்கள், அதுதான் படபடப்பு. போக்குவரத்து சிக்னலில் நிற்கும்போது நிலையம் முழுக்க மறைந்துபோனால், வண்டியை ஒரு முழம் முன்னே நகர்த்துங்கள். பல நேரம் திரும்ப வந்துவிடும்.

சத்தத்தோடு ‘உஸ்’ என்ற ஒலியும் கலந்து வந்தால், கருவியில் இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் மோனோ அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்எம் ஸ்டீரியோவுக்கு மோனோவைவிடப் பலமான சிக்னல் வேண்டும். மோனோவுக்கு மாற்றினால் அந்த இரைச்சல் பெருமளவு விழுந்துவிடும். பேச்சு நிகழ்ச்சி கேட்கிறவர்களுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை. ஆர்டிஎஸ் என்ற வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். ஒரே நிகழ்ச்சியைப் பல கோபுரங்களில் ஒலிபரப்பும் நிலையமாக இருந்தால், நீங்கள் நகர நகரக் கருவி தானே அடுத்த கோபுரத்தின் அலைவரிசைக்குத் தாவும்.

வாங்கும்போது கருவியின் பிராந்திய அமைப்பையும் கவனியுங்கள். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. அந்தச் சந்தைக்கான கருவியில் மற்ற நாடுகளின் மேல் அலைவரிசைகள் கிடைக்காமல் போகலாம். நார்வே 2017ல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. அங்கே பைக்கில் சுற்றப் போகிறவர்கள் எஃப்எம்மை நம்ப முடியாது.

போனில் எஃப்எம் இருந்தாலும், பெரும்பாலும் இயர்போன் வயரைச் செருகினால்தான் எடுக்கும், அதுவே ஆன்டெனா என்பதால். அந்த ஒலியை புளூடூத்துக்கு அனுப்பப் பல போன்களில் வழியும் இல்லை. ஆகவே போனில் ரேடியோ என்றால் இணைய வானொலிதான் நடைமுறை. விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் வரும் இணைய ஒலிபரப்பில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி செலவாகும், 64 கிலோபிட்டில் பாதி. காற்றுக்கு நடுவில் 64 போதும். சிக்னல் பலவீனமான இடத்தில் குறைவாக அறுபடும்.

வண்டியிலேயே ரேடியோ பொருத்தியவர்களுக்கு மட்டும் ஒரு சொல். ரேஸ் கொடுக்கக் கொடுக்க வேகமாகும் ‘டிக் டிக்’ ஒலி கேட்டால் அது ஸ்பார்க் பிளக்கிலிருந்து வருகிறது. மின்தடை உள்ள பிளக்கையும் பிளக் மூடியையும் போட்டால் அடங்கும். என்ஜிகே பிளக்குகளில் எண்ணோடு ‘ஆர்’ என்ற எழுத்து இருப்பது மின்தடை உள்ளதைக் குறிக்கும். ‘ங்ஙீ’ என்று மெல்லியதாக ஊளையிட்டால் யூஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கியதும் நின்றால் குற்றவாளி அதுதான். மலிவான எல்இடி விளக்குகளும் இதே வேலையைச் செய்யும். நடுத்தர அலை என்ற ஏஎம் இந்தத் தொல்லைகளுக்கு இன்னும் எளிதில் ஆளாகும். இரவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் நிலையங்களைக் கேட்கும் ஆசை இருந்தால், வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பதே நல்லது.

ஆறாம் படி: வால்யூமும் ஈக்வலைசரும்

காதடைப்பான் போட்டு, ஸ்பீக்கரைச் சரியாக வைத்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். வழக்கமாக ஓட்டும் சீரான வேகத்தில், பாட்டின் சொற்கள் புரியும் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். நன்றாக இருக்கிறது என்று தோன்றும் அளவு பெரும்பாலும் தேவைக்கு மேல்தான் இருக்கும். பிறகு பாதுகாப்பான இடத்தில் நின்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பாட்டையும் நிறுத்தாமல் கவனியுங்கள். பின்னாலிருந்து வந்து பக்கத்தில் நிற்கும் வண்டியின் சத்தம் காதில் விழ வேண்டும். விழவில்லையென்றால் குறையுங்கள்.

இரைச்சலுக்கேற்பத் தானே ஏறி இறங்கும் வால்யூம் வசதி பல கருவிகளில் உண்டு. நடுத்தர அளவில் வைத்தால் போதும். அதிக உணர்திறனில் வைத்தால் லாரி கடக்கும்போதெல்லாம் பாட்டும் சேர்ந்து கத்தும்.

தாழ், நடு, உயர் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் எல்லோரும் பேஸை ஏற்றுகிறார்கள். காற்றிரைச்சலின் பலம் முழுக்கத் தாழ் ஒலிகளில்தான் இருக்கிறது. அதே இடத்தில் போய் மோதினால் சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும், பேட்டரி கரையும், பேஸ் கேட்காது. பேஸ் வேண்டுமென்றால் ஸ்பீக்கரைக் காதுக்கு இன்னும் நெருக்குங்கள். ஈக்வலைசரில் பேஸைச் சற்று இறக்கி, குரல் இருக்கும் நடுப்பகுதியையும் அதற்கு மேலுள்ளதையும் கொஞ்சம் ஏற்றுங்கள். பஞ்சு அடைப்பான் தின்ற உயர் ஒலிகளை இது ஈடுகட்டும்.

ஏழாம் படி: எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது

வேகமான தாளம் வேகத்தைக் கூட்டும். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் பிராட்ஸ்கி, கார் ஓட்டும் மாதிரிக் கருவியில் செய்த ஆய்வை 2001ல் வெளியிட்டார். இசையின் தாளம் வேகமாக ஆக, ஓட்டியவர்களின் வேகமும் விதிமீறல்களும் கூடின. ஒரு பாட்டு வரும்போது ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்புகிறது என்று உங்களுக்கே தெரிந்தால், அதைப் பயண வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பழக்கமான, நடுத்தர வேகப் பாட்டுகள் மனதைக் குறைவாக இழுக்கும். பரபரப்பான விளையாட்டு வர்ணனையை நான் பைக்கில் கேட்பதில்லை. கடைசி நிமிடங்களில் கண் சாலையில் இருந்தாலும் மனம் மைதானத்தில் இருக்கும்.

நெரிசலான சந்திப்பு, ஜல்லி கிடக்கும் வளைவு, பலத்த மழை, மங்கிய மாலை வெளிச்சம், வழி தவறிய நேரம்: இவற்றில் கை தானாக நிறுத்து பட்டனுக்குப் போக வேண்டும். வண்டியில் ஏதோ புதுச் சத்தம் கேட்பதாகச் சந்தேகம் வந்தாலும் உடனே நிறுத்துங்கள். தளர்ந்த சங்கிலியின் ஒலி சின்னதாகத்தான் ஆரம்பிக்கும். தூக்கம் வந்தால் பாட்டை ஏற்றி விரட்டலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கு ஓரமாக நிறுத்தித் தூங்குவதுதான் வழி.

பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஒரே பாட்டை இருவரும் கேட்க, இன்டர்காமில் இசைப் பகிர்வு இருக்கிறது. குழுவாகப் போகும்போது மட்டும், பேச்சு வந்தால் பாட்டு தானே இறங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் “பள்ளம்!” என்பது பாட்டில் மூழ்கிவிடக் கூடாது.

இறங்கிய பிறகு: காதைக் கேளுங்கள்

நீண்ட பயணம் முடித்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதுக்குள் ரீங்காரம் கேட்டாலோ, மற்றவர்கள் பேசுவது பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலிருந்தாலோ, அன்று காது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டீர்கள். வழக்கமாகச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அடங்கிவிட்டது என்பதற்காகச் சேதமே இல்லை என்று ஆகாது. அடுத்த பயணத்தில் அடைப்பான் சரியாக உட்கார்ந்ததா, கழுத்துப் பக்கம் காற்று நுழைந்ததா, வால்யூம் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மறுநாளும் ரீங்காரம் நிற்கவில்லையென்றால் தாமதிக்காமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் அன்றே போக வேண்டும்.